ஆறு குப்பி மருந்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே டியூட்டி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நைட் டியூட்டியில் ஒரு நோயாளிக்கு ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை நோய் மருந்து எழுதியிருந்தது. அதுவரை நீ அதைத் தொட்டதில்லை. பார்மசிக்குப் போன் செய்து கேட்டாய். சீனியர் சிஸ்டர் எல்லார் முன்னாலும், "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டார். கண்ணு, நீ செய்ததுதான் சரி. அவர் கேட்டது தப்பு.

2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது எங்கள் வார்டில் ராப்பகலாக இதைத்தான் ஏற்றினோம். தட்டுப்பாடான நேரம், இன்றைக்கு ஒரு வகை வரும், நாளைக்கு வேறு வகை வரும். சாதாரண ஆம்போடெரிசினும் 50 மில்லிகிராம் குப்பி, கொழுப்பு உறைக்குள் வைத்த லிபோசோமல் வகையும் 50 மில்லிகிராம் குப்பி. உள்ளே இருப்பது இரண்டிலும் மஞ்சள் பொடிதான். ஆனால் லிபோசோமலைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பார்கள். சாதாரண வகையோ ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5-ஐத் தாண்டவே கூடாது. 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம் என்றால் ஆறு குப்பி. அந்த ஆறும் சாதாரண வகையாக இருந்துவிட்டால் இதயமே நின்றுபோகலாம். லேபிளில் அந்த 'லிபோசோமல்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். அப்புறம், இதைச் சலைனில் கலக்கக் கூடாது, திரிந்துவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான். ஒரே ஆளுக்கு ஒரே வேளையில் ஆறு குப்பி உடைக்க வேண்டியிருக்கிறதே என்று கை தயங்கியதாகச் சொன்னாய் அல்லவா? அந்தத் தயக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷம். குழந்தைகள் வார்டு, விடியற்காலை நாலு மணி. ஆம்பிசிலின் பொடியைக் கரைக்க ட்ரேயில் டிஸ்டில்டு வாட்டர் இருக்கும் இடத்தில் கைவிட்டு ஒரு ஆம்பூலை எடுத்தேன். 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல். கழுத்தைத் திருகி, சிரிஞ்சில் இழுத்தும் விட்டேன். காலி ஆம்பூலைக் குப்பையில் போடப் போனபோது டியூப்லைட் வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது. பொட்டாசியம் குளோரைடு. யாரோ இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அதை நிறைய திரவத்தில் கலந்து, சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். நேராக நரம்பில் போட்டால் உயிர் போய்விடும். சிரிஞ்சைக் காலி செய்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையின் அம்மா, "என்ன சிஸ்டர்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பிள்ளையின் காலில் இருந்த கருப்புக் கயிறுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பொட்டாசியத்தை எல்லாம் எடுத்துத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, உடைக்கும் முன் ஒரு தடவை, ஏற்றும் முன் ஒரு தடவை லேபிளைப் படிப்பேன். இடத்தையும் நிறத்தையும் நம்புவதில்லை. பிராண்ட் பெயரையும் நம்பாதே, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் படி. டாக்டர் போனில் அளவு சொன்னால் திருப்பிச் சொல்லிக் காட்டு. 15-ஆ 50-ஆ என்று ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் குழம்பும். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த சீனியர் சிஸ்டரை மனதில் வைத்துக்கொண்டு இருக்காதே. எத்தனை நைட் பார்த்துக் களைத்தவரோ. அடுத்த டியூட்டியில் நீயே போய், "மேடம், கரைக்கிறதை ஒரு தடவை கூட நின்னு பாருங்க" என்று கேள்.

புதன்கிழமை ஆஃப் என்றாயே, தூங்கி எழுந்து போன் பண்ணு. அந்த நோயாளிக்குக் கிரியாட்டினின் ஏறாமல் இருக்கிறதா என்று சொல். இந்த மருந்து சிறுநீரகத்தைப் படுத்தும், எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா