அந்த 8 விநாடிகளுக்கு அப்புறம்

அன்புள்ள ஸ்காட் நோர்வுட் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் மறக்க முடியாத தருணங்கள் என்று யார் தொகுத்தாலும் உங்கள் உதை அதில் வந்துவிடுகிறது. 1991 ஜனவரி 27, டாம்பா நகரம். பந்து உயரே எழும்புகிறது, வலது கம்பத்துக்கு வெளியே போகிறது, அத்தோடு காட்சியை வெட்டிவிடுகிறார்கள். அங்கே வெட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 20, நீங்கள் உதைப்பாளராக ஆடிய பஃபலோ பில்ஸ் அணி 19. முடிய 2 நிமிடம் 16 விநாடி இருக்கும்போது உங்கள் 10 யார்டு கோட்டில் பந்து கிடைத்தது. உங்கள் அணியின் ஜிம் கெல்லியும் தர்மன் தாமஸும் ஓடி ஓடி அதை எதிரணியின் 29 யார்டு கோடு வரை கொண்டுவந்துவிட்டார்கள். மீதி 8 விநாடி. நீங்கள் உதைக்க வேண்டியது 47 யார்டு தூரம், அதாவது 43 மீட்டர். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம். உள்ளே போனால் 3 புள்ளி, கோப்பை உங்களுக்கு. பஃபலோவில் நீங்கள் உதைத்துப் பழகியது செயற்கைத் தரையில். டாம்பாவில் இருந்ததோ புல்.

உதையில் வலு குறையவில்லை. தூரம் தாராளமாகப் போனது, திசைதான் தப்பியது. வர்ணனையில் ஆல் மைக்கேல்ஸ் சொன்ன ‘வைடு ரைட்’ (வலப்பக்கம் விலகிவிட்டது) என்ற இரண்டு சொற்களே அந்த ஆட்டத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டன.

60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து ஜயன்ட்ஸ் கையில் இருந்தது. உங்கள் தடுப்பாட்டக்காரர்களால் அதைப் பறிக்க முடியவில்லை. அந்த 40 நிமிடத்தை யாரும் தொகுப்பில் சேர்ப்பதில்லை. 11 வருடம் கழித்து, 2002 பிப்ரவரி 3 அன்று, நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில் ஆடம் வினாடியேரி 48 யார்டு உதைத்து தன் பேட்ரியட்ஸ் அணியை 20-17 என்று ஜெயிக்க வைத்தார். அருமையான உதை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அது கூரை போட்ட அரங்கம், செயற்கைத் தரை. அவர் உதைக்கும்போது ஆட்டம் சமநிலையில் இருந்தது. தவறியிருந்தாலும் கூடுதல் நேரம் உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை.

சரி, வெட்டிய காட்சிக்கு அப்புறம் என்ன நடந்தது? நீங்கள் உடை மாற்றும் அறையில் நின்று, சுற்றி நின்ற நிருபர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்கள். தரை மீதோ, பந்தை நிறுத்திக் கொடுத்தவர் மீதோ பழி போடவில்லை.

மறுநாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில், ஜனவரிக் குளிரில், ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். தோற்று வந்த அணியை வரவேற்க! நீங்கள் மற்றவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றீர்கள். கூட்டம் விடவில்லை. ‘ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்’ என்று கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் முன்னால் வந்து, இவ்வளவு அன்பை இதற்குமுன் உணர்ந்ததில்லை என்று தழுதழுத்துச் சொன்னீர்கள். கோப்பையைக் கையில் ஏந்தி நிற்கும் எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறேன். என்னை அழவைத்தது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த வருடம், 1992 ஜனவரி 12, உங்கள் ஊர் மைதானம். டென்வர் பிராங்கோஸுடன் ஆட்டம். ஜெயித்தால் மறுபடியும் சூப்பர் பவுல். நான்காம் கால்பகுதியில் உங்களை அழைத்தார்கள். 44 யார்டு. டாம்பாவைவிட 3 யார்டுதான் குறைவு. உதைத்தீர்கள், பந்து கம்பங்களுக்கு நடுவே போனது.

ஆட்டம் 10-7 என்று உங்கள் பக்கம் முடிந்தது.

அன்புடன்,
உங்கள் ரசிகன்