வீடு கட்டும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. சிட்னியில் குளிர் தொடங்கிவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்திருக்கிறேன்.

உன் மகன், நம் தம்பி, இங்கே சிட்னியில் மார்ஸ்டன் பார்க்கில் நிலம் வாங்கியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் 'ஓனர் பில்டர் பர்மிட்டை உங்கள் பெயரில் எடுங்கள், நான் கட்டித் தருகிறேன், செலவு குறையும்' என்று நம்மூர்க்காரர் ஒருவர் சொல்வதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அது நிலத்தின் சொந்தக்காரரே பொறுப்பேற்று வீடு கட்ட அரசு தரும் அனுமதி. அப்படிச் செய்தால் காகிதத்தில் வீட்டைக் கட்டுபவன் உன் மகன்தான். நாளைக்குச் சுவர் விரிந்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் குளியலறையைப் புதுப்பித்தேன். வந்தவர் லைசென்ஸ் கார்டைக் காட்டினார், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர், தமிழில் பேசினார், நம்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து, பக்கத்து அறை அலமாரிக்குக் கீழே சுவரோரப் பலகை ஊறின ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. சுவர் அட்டையைப் பிரித்தால் மரச்சட்டங்கள் கறுத்துப் போயிருந்தன. ஷவர் மூலையில் டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங்கே இல்லை. அவருடைய போன் வேலை செய்யவில்லை. அரசின் உரிமப் பதிவேட்டில் பார்த்தேன், அவருக்கு டைல்ஸ் ஒட்ட மட்டும்தான் உரிமம். முதலில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு செலவானது.

உங்கள் அப்பா வீடு கட்டியபோது மேஸ்திரியிடம் யார் லைசென்ஸ் கேட்டார்கள்? அவர் தினமும் காலையில் போய்ச் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டார். இங்கே தம்பி ஆபீஸில் இருப்பான். மரச்சட்டத்தின் மேல் அட்டையை அடித்து மூடிவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 5,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு உரிமம் வேண்டும். 20,000 டாலரைத் தாண்டினால், முன்பணம் வாங்குவதற்கு முன்பே பில்டர் உங்கள் பெயருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அவர் திவாலானாலோ, இறந்தாலோ, காணாமல் போனாலோ அதுதான் கைகொடுக்கும். உரிமம் இல்லாதவருக்கு அந்த இன்ஷூரன்ஸ் கிடைக்காது. ஓனர் பில்டராகத் தானே கட்டும் வேலைக்கும் கிடையாது. நீ சேலத்து நிலத்தை விற்று அனுப்பும் பணம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தம்பி அந்த மனிதரிடம் உரிம எண்ணைக் கேட்கட்டும். அரசின் இணையப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். எண் இருந்தால் மட்டும் போதாது, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை, யார் பெயரில் என்றும் பார்க்கச் சொல். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் அப்போதே எழுந்து வந்துவிடட்டும்.

சரி, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவனை இங்கே வரச் சொல். இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறோம். சாப்பாடும் இங்கேதான். நீயும் கிரகப்பிரவேசத்துக்கு வர இப்போதே விசாவுக்கு ஏற்பாடு செய்.

அன்புடன்,
சுந்தரம்