பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர்: உங்கள் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
1997 மாருதி 800 காரின் உரிமையாளர்,
பெரம்பூர், சென்னை.
(பெயர், முகவரி, கைப்பேசி எண் இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
கார் டச் ஸ்கிரீன் விற்பனை மற்றும் பொருத்துதல் பிரிவு.

நாள்: 10.02.2025

பொருள்: 11.01.2025 அன்று என் காரில் பொருத்திய ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் – ஆபத்தான ஒயரிங் – பணத்தைத் திருப்பித் தரவும், இதேபோல் பொருத்திய மற்ற வண்டிகளைச் சோதிக்கவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் காரில் ஸ்கிரீனுக்குக் கரண்ட் கொடுக்க உங்கள் ஆள் பேட்டரியிலிருந்து நேராக ஒரு மஞ்சள் ஒயரை இழுத்திருக்கிறார். அதில் ஃபியூஸ் இல்லை. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு ஓட்டை வழியாக அந்த ஒயர் உள்ளே வருகிறது. ஓட்டையில் ரப்பர் வளையம் போடவில்லை. இருபத்தைந்து நாளில் தகட்டின் விளிம்பு உராய்ந்து ஒயரின் மேல்தோல் கிழிந்துவிட்டது. பிப்ரவரி 5-ஆம் தேதி காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது, நெல்மணி அளவுக்குத் தோல் போய் உள்ளே செம்புக் கம்பி மின்னியது. தகட்டின் பெயிண்டிலும் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் செம்பு தகட்டில் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். அங்கிருந்து ஒரு முழத் தூரத்தில் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாய் இருக்கிறது.

நான் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் 28 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால்தான் எனக்கு அந்த ஒயரைத் தேடிப் பார்க்கத் தோன்றியது. உங்களிடம் ஸ்கிரீன் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் அது தோன்றாது. இந்தக் கடிதம் எழுதவே அதுதான் காரணம். வெறும் பணம் மட்டும் என்றால் மூன்றாவது முறையாக உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். திரும்பிப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுக்க முடிவதில்லை. எங்கள் தெரு முட்டுச்சந்து. தினமும் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும், குழந்தைகள் விளையாடும் இடம் வேறு. ரிவர்ஸ் கேமரா வேண்டும், அதோடு ஊருக்குப் போகும்போது மேப் பார்க்க ஒரு பெரிய திரையும் இருந்தால் நல்லது என்று மகள் சொன்னாள். உங்கள் இணையதளத்தில் வண்டி மாடலைத் தேர்வு செய்யும் இடத்தில் மாருதி 800 என்று போட்டதும் "பொருந்தும்" என்று பச்சை எழுத்தில் வந்தது. ஆண்டு 1997 என்பதையும் அங்கேயே குறிப்பிட்டேன். ஸ்கிரீன் 14,800 ரூபாய், கேமரா 1,900, ஓ.பி.டி. கருவி (இன்ஜின் விவரங்களைத் திரையில் காட்டுவது) 1,450, பொருத்துகூலி 2,500. மொத்தம் 20,650 ரூபாயை முன்பணமாகவே கட்டினேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு தம்பி வந்தார். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். பையில் ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஹாக்ஸா பிளேடு, ஒரு உருளை இன்சுலேஷன் டேப். மல்டிமீட்டர் இல்லை, டெஸ்ட் லேம்ப்கூட இல்லை. அன்றைக்கு அவருக்கு என் வண்டி நான்காவதாம், இன்னொன்று பாக்கி இருக்கிறது என்றார். சாப்பிட்டாரா என்று கேட்டேன், இல்லை. சாப்பிட வைத்துத்தான் வேலையைத் தொடங்க விட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

என் காரில் ரேடியோவுக்கு இருக்கும் இடம் சிங்கிள் டின் அளவு. அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன் டபுள் டின், உயரம் 100 மில்லிமீட்டர். பச்சை எழுத்தில் "பொருந்தும்" என்று போட்ட உங்களுக்கு இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். "கீழே கொஞ்சம் எடுத்தா உட்காந்துரும் சார்" என்று சொல்லிக்கொண்டே பிளேடை வைத்துவிட்டார். இருபத்தெட்டு வருடப் பிளாஸ்டிக், வெயிலில் காய்ந்தது. அறுக்கும்போதே இடது பக்கம் மேல்நோக்கி ஒரு விரிசல் ஓடிவிட்டது. இந்த டேஷ்போர்டு புதிதாக எங்கும் கிடைக்காது. புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பார்த்தேன். கிடைத்த ஒன்றும் வேறு நிறம், அதற்கும் 3,200 ரூபாய் கேட்கிறார்கள்.

ஓ.பி.டி. கருவி விஷயம் இன்னும் மோசம். அதை வண்டியில் சொருகினால் இன்ஜின் சூடு, சுழற்சி வேகம் எல்லாம் திரையில் தெரியும் என்று விற்றிருக்கிறீர்கள். என் வண்டி கார்புரேட்டர் வண்டி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே அதில் இல்லை. அந்தக் கருவியைச் சொருக ஓட்டையும் கிடையாது, சொருகினாலும் பேசுவதற்கு எதிரே ஆளும் கிடையாது. அந்தத் தம்பி அதைப் பெட்டியோடு டேஷ்போர்டுக்குக் கீழே தட்டில் வைத்துவிட்டு, "அப்புறம் கனெக்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார். எதில் கனெக்ட் பண்ணுவது? 1997 மாடல் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகும் இதற்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

ஸ்கிரீனுக்குள் ஆண்ட்ராய்டு 13, நான்கு ஜி.பி. ரேம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாலும் 13 என்றே காட்டுகிறது. என் பேரன் ஹார்டுவேர் விவரம் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தான். ஆண்ட்ராய்டின் உண்மையான பதிப்பைச் சொல்லும் ஏ.பி.ஐ. எண் 29 என்று வந்தது. 29 என்றால் ஆண்ட்ராய்டு 10. 13-க்கு 33 வர வேண்டும். ரேம் இரண்டு ஜி.பி.தான். மேப் திறந்தால் பாட்டு நின்றுபோவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இனி பேட்டரிக்கு வருகிறேன். ஞாயிறு மாலை வண்டியை நிறுத்தினேன். புதன்கிழமை, மாட்டுப் பொங்கல் அன்று காலை திருவள்ளூரில் மைத்துனர் வீட்டுக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போன வருடம் வாங்கியது, இதுவரை ஒரு நாளும் காலை வாரியதில்லை. என் மனைவி பொங்கல் பானையைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார். பண்டிகை நாளில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. பதினொரு மணிக்குத்தான் ஒரு வண்டி வந்தது.

மறுநாள் உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், பேட்டரி மாத்திப் பாருங்க" என்றார். அன்றே மின்னஞ்சலும் அனுப்பினேன். தானாக வரும் பதில் ஒன்று வந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்து ஓட்டினேன், மறுபடி இறங்கியது. சார்ஜ் போட்டேன், மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை சார்ஜே ஏறவில்லை. 3,900 ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கினேன். 24-ஆம் தேதி இரண்டாவது மின்னஞ்சல். அதற்கும் அதே பதில். கழுத்து வலியால் பானெட்டுக்குள் குனிந்து வேலை பார்க்க எனக்கு முடியாது. வேலூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பிப்ரவரி 5-ஆம் தேதி ஊருக்கு வந்தபோதுதான் அவரை வைத்து முழுவதும் பார்த்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தோம். சாவி கையில், கதவு பூட்டி, உள்விளக்கு அணைந்த நிலையில் 0.62 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மஞ்சள் ஒயரைக் கழற்றினோம். முள் விழுந்த மாதிரி 0.01-க்கு இறங்கியது. 0.62 ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 15 ஆம்பியர் ஹவர். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான். ஞாயிறு மாலையிலிருந்து புதன் காலை வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டியால் இறங்கவில்லை, உங்கள் ஒயரால் இறங்கியது.

காரணமும் கிடைத்தது. இந்த மாதிரி ஸ்கிரீனில் மஞ்சள் ஒயர் பேட்டரிக்கு நேராகப் போக வேண்டும், அது நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க. சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்குப் போக வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஸ்கிரீன் எப்போது அணைய வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். இங்கே சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். சாவியை எடுத்தாலும் வண்டி ஓடுகிறது என்றே ஸ்கிரீன் நினைத்துக்கொண்டிருக்கிறது. திரை கறுப்பாக இருந்தது நான் திரையின் வெளிச்சத்தை அணைத்ததால், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த முறுக்கைப் பிரித்தபோது டேப்பின் பசை வெயிலில் உருகி விரலில் கறுப்பாக ஒட்டியது. டேப் அதற்குள் பாதி கழன்றிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்த சோல்டர் இல்லை, அழுத்தி இணைக்கும் க்ரிம்ப் இல்லை, மேலே மூடும் ஸ்லீவ் இல்லை.

ஃபியூஸைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பிரிவு ஒன்று சொல்லக்கூடும்: ஸ்கிரீனின் முதுகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே என்று. இருக்கிறது. அது ஸ்கிரீனைக் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து ஸ்கிரீன் வரை வரும் ஒன்றரை மீட்டர் ஒயரைக் காப்பாற்றாது. ஒயர் நடுவழியில் தகட்டில் தொட்டால் கரண்ட் அந்த ஃபியூஸ் வரைக்கும் போகவே போகாது. சின்ன பேட்டரிதான் என்றாலும் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த மெல்லிய ஒயர் சில நொடிகளில் நெருப்பாய்ப் பழுத்துவிடும். அதனால்தான் ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மிஞ்சினால் ஒரு முழத்துக்குள் போட வேண்டும் என்று முதல் வருட மாணவனுக்கே சொல்லிக் கொடுப்போம். ஹோல்டரோடு சேர்த்து அதன் விலை நூறு ரூபாய்க்குள்தான்.

அந்தத் தம்பி மீது நடவடிக்கை எடுத்து இந்தப் புகாரை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வயதுப் பையன்களுக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பாடம் சொன்னேன். கையில் மீட்டர் கொடுக்காமல், பையில் ஃபியூஸ் ஹோல்டர் கொடுக்காமல், ஒரு நாளைக்கு ஐந்து வண்டி என்று அனுப்பினால் யாராக இருந்தாலும் டேப்தான் சுற்றுவார்கள். அவர் சம்பளத்தில் கை வைத்தால் எனக்கு மனம் கேட்காது. தவறு அவரை அப்படி அனுப்பியவர்களுடையது.

நான் கேட்பது இவை. ஸ்கிரீனையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு 20,650 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பேட்டரிக்கு 3,900 ரூபாயும் டேஷ்போர்டுக்கு 3,200 ரூபாயும் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தக் கிளையிலிருந்து பொருத்திய பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்து, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா, ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துத் தர வேண்டும். பார்க்கும் வரை அந்த ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும். எல்லோருடைய எண்ணும் உங்கள் பில்லில் இருக்கிறது. இதை எப்போது செய்து முடிப்பீர்கள் என்று எனக்கு எழுத்தில் வேண்டும்.

இணையவழி விற்பனைக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி, புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சல் ஜனவரி 16. பிப்ரவரி 16 வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு 1915 உதவி எண்ணிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நானே பேசுவேன்.

இப்போது மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டேன், ஸ்கிரீன் அணைந்து கிடக்கிறது. தோல் கிழிந்த துண்டை வெட்டி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், வருபவர் பார்க்கலாம். கேமரா இல்லாததால் தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது என் மனைவி இறங்கிப் போய் நின்று கைகாட்டுகிறார். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்பேன். கழற்ற அந்தத் தம்பியையே அனுப்பினாலும் சரி. மீட்டர் என்னிடம் இருக்கிறது, எங்கே தவறு நடந்தது என்று அவருக்கே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், கிழிந்த ஒயர் மற்றும் தகட்டு ஓட்டையின் படங்கள், மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள் இரண்டு, ஏ.பி.ஐ. எண் காட்டும் திரையின் படம், பேட்டரி ரசீது, இரண்டு மின்னஞ்சல்களின் நகல்.