ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்: மதுரை கிளாட் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிளாட் எனப்படும் தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துவோருக்கும் அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் பிறந்ததும் வகுப்பில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஜூலையில் முன்வரிசையில் உட்கார்ந்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். மாக் எனப்படும் மாதிரித் தேர்வு அன்றைக்கென்று வயிற்றுவலி வரும். படிக்கும் நேரம் ஏறும், மதிப்பெண் இறங்கும். இதைச் சோம்பல் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். இது களைப்பு. பெரும்பாலும் நாம் போட்டுக்கொடுத்த அட்டவணையால் வந்த களைப்பு.

கிளாட் தேர்வின் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. சில ஆண்டுகளாக டிசம்பர் முதல் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 வரை நடக்கிறது. கேள்விகள் பத்தியை ஒட்டியே வரும். ஒரு பத்தி 450 சொல் வரை போகும். எல்லாம் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் உசிலம்பட்டிப் பிள்ளை ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டுதான் நகரும். முக்கால்வாசித் தாளைத் தாண்டும்போது கண் வரியில் ஓடும், பொருள் ஏறாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாக் எழுதும்போது 30, 60, 90-ஆம் நிமிடங்களில் எந்தக் கேள்வியில் இருக்கிறார்களோ அதைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். திருத்தியபின் நான்கு அரைமணி நேரத்துக்கும் தனித்தனியாகத் தவறுகளை எண்ணுங்கள். நான்கிலும் தவறு பரவியிருந்தால் பாடத்தில் குறை. கடைசி அரைமணி நேரத்தில் மட்டும் குவிந்திருந்தால் அது களைப்பு. தாளின் பாடப் பகுதிகளை மாற்று வரிசையில் எழுதவைத்தும் ஒருமுறை பாருங்கள்; கடைசியில் வந்த கணக்குக் கேள்விகளால் வந்த குழப்பமா, களைப்பா என்பது அப்போது பிரிந்துவிடும். களைத்த பிள்ளைக்கு மறுநாளே இன்னொரு மாக் கொடுப்பது காய்ச்சல்காரரை ஓடவிடுவது போல. அவருக்கு வேண்டியது தினமும் அரைமணி நேரம், கடிகாரம் வைக்காமல், ஒரு ஆங்கிலத் தலையங்கத்தை முழுசாகப் படிப்பதும், நேரத்தோடு தூங்குவதும்தான்.

இரண்டு மணி நேர மாக்கை அலச மூன்று மணி நேரமாவது ஆகும். அலசாத மாக்கால் பயமே மிஞ்சும். அக்டோபர் வரை வாரம் ஒன்று, நவம்பரில் வாரம் இரண்டு, தேர்வுக்கு முந்தைய நான்கு நாள் ஒன்றுமே வேண்டாம். காலை 6 மணிக்கு வைக்காமல் நிஜத் தேர்வு நேரமான 2 மணிக்கே வையுங்கள்; சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தம் பழக வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நோட்டில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்: பத்தி புரியவில்லை, கேள்வியை மாற்றிப் படித்தேன், நேரம் போதவில்லை, குருட்டாம்போக்கில் அடித்தேன். ஒரு மாதத்தில் எந்தக் காரணம் அடிக்கடி வருகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ‘நான் லாயக்கில்லை’ என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

இன்னொன்று, தேவையில்லாத மனப்பாடம். சட்டத் தர்க்கப் பகுதிக்கு முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதி பத்தியிலேயே இருக்கும், அதைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். அப்படியிருக்க, பிரிவு எண்களை ஏன் ஒப்பிக்க வைக்கிறீர்கள்? அதிலும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின்னும் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவுகளையே நகலெடுத்துக் கொடுப்பது அநியாயம்.

தூக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வகுப்பு இரவு எட்டரைக்கு முடிந்தால், ஆரப்பாளையம் போய் பஸ் பிடித்து உசிலம்பட்டி வீடு சேரப் பத்தரை. சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை. காலை ஐந்துக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளை ஏழு மணிக்கே விட்டுவிட்டு, மிச்சப் பாடத்தை ஒலிப்பதிவாகக் கொடுக்கலாம்.

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாம் விதியை மீறிக் காட்டக் கூடாது. ஒன்றிய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை, விடுமுறைக்கு மறுநாள் தேர்வு கூடாது, மதிப்பெண்ணைப் பொதுவில் போடக் கூடாது. ஆகவே சனிக்கிழமை மாக், ஞாயிறு விடுமுறை, திங்கள் அலசல். பள்ளியில் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தால் ஞாயிறு மாக் வைத்துவிட்டுத் திங்களை விட்டுவிடுங்கள். இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் பட்டியல் போடும் வழக்கம் இன்றோடு நிற்கட்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் பயிற்சி மையங்களைச் சேர்த்தே உத்தரவிட்டது: மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிக்கக் கூடாது, எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தக் கூடாது; 100 மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும்.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு உண்மையும் உண்டு. கிளாட் ஒன்றே வாசல் இல்லை. மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. அங்கே சேர்க்கை நடத்தும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் +2 மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கும் ஊரில் அங்கே படிப்பது ஒன்றும் தோல்வி ஆகாது. கிளாட்டும் அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில் மோதும்போது பள்ளிப் பாடத்தைத் தள்ளிவைக்கச் சொன்னால், உறுதியான வாசலை நாமே சாத்துகிறோம். டிசம்பர் முடிந்ததும் உங்கள் கட்டணம் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு மார்ச் பொதுத்தேர்வு பாக்கி இருக்கிறது.

மதிப்பெண் தொடர்ந்து சரிந்தால் ஒரு வாரம் மாக்கை நிறுத்தித் தூங்கவிடுங்கள். பலருக்கு அதுவே போதும். தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரம் நீடித்தால் பெற்றோரை அழைத்து, அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டாருக்கு அன்றே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அந்த எண்ணைப் பெற்றோர் உட்காரும் வரவேற்பறையில் ஒட்டுவதோடு விடாமல், மாணவர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
மதுரையில் சட்டம் பயிற்றுவிக்கும் சிலர்