அலாரம் அடித்தபின் ரயிலை யார் நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்க ரயில் நிலையங்களில் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கருவியின் நுட்பம் விரிவாக வந்திருக்கிறது. அது அலறிய பிறகு யார் என்ன செய்வார்கள் என்பது வரவில்லை. டோக்கியோவில் கோட்டை விட்டது அங்கேதான்.

1995 மார்ச் 20, அலுவலகம் போகிற நேரம். ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பல் ஐந்து சுரங்க ரயில்களில், செய்தித்தாளில் சுற்றிய, சாரின் என்ற நச்சுத் திரவம் இருந்த பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனது. கசுமிகசேகி நிலையத்தில் ஊழியர்கள் பொட்டலத்தை அப்புறப்படுத்தித் தரையைத் துடைத்தார்கள். ரயில் அடுத்த நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது. கசுமிகசேகி ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். மருனோச்சி தடத்தில் ஒரு ரயில், சாரின் கசியத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சிந்திவிட்டது, துடைத்தால் சரி என்று நினைத்திருப்பார்கள். நேரம் தவறாமல் வண்டி விடுவதே பெருமை என்றிருக்கும் எந்த ரயில்வேயிலும் இது நடக்கக்கூடியதுதான்.

தீயணைப்புத் துறை முதலில் அசிட்டோநைட்ரைல் என்ற வேறொரு ரசாயனம் என்றது. சாரின் என்று போலீஸ் அறிவிக்கும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. அன்று மட்டும் 640 பேருக்குச் சிகிச்சை அளித்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அந்தத் தகவல் கிடைத்தது தொலைக்காட்சிச் செய்தியில்! அதற்குள் நோயாளிகளின் உடையிலிருந்து கிளம்பிய ஆவி அங்கிருந்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் பாதித்திருந்தது.

கருவி இருந்திருந்தால் இந்த நேரம் மிச்சமாகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் துப்புரவுத் திரவத்துக்கும் பெயின்ட் வாடைக்கும்கூட இவை சில சமயம் அலறும். அதனால்தான் வாஷிங்டன் மெட்ரோவில் கருவியோடு கேமராவையும் இணைத்தார்கள். எச்சரிக்கை வந்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நடைமேடையைத் திரையில் பார்க்கலாம்: ஆட்கள் இயல்பாக நடக்கிறார்களா, சுருண்டு விழுகிறார்களா? கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், ஓடும் ரயில் சுரங்கத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டே போகும். வாயு எப்படிப் பரவும் என்று பார்க்க 2013இல் நியூயார்க் சப்வேயில் தீங்கற்ற வாயுவை விட்டுச் சோதித்ததே இதற்காகத்தான். ஆகவே வண்டியை நிறுத்தும் அதிகாரம் நிலைய அதிகாரிக்கா, கட்டுப்பாட்டு அறைக்கா? சுரங்கத்தின் காற்றோட்ட மின்விசிறிகளை நிறுத்துவதா, திசை மாற்றுவதா? மருத்துவமனைக்கு யார் போன் செய்வது? கருவிக்கு டெண்டர் விடும் முன்பே இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளோடு ஒரு மெட்ரோ கட்டுப்பாட்டு அறை அதிகாரியைப் பேட்டி கண்டு வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி