ஓடு கரைந்தது, உயிர் பிழைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் சூடாவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வரி உறுத்தியது. பழங்காலத்தில் பூமி சூடேறியபோதெல்லாம் சுண்ணாம்பு ஓடுள்ள மிதவை நுண்ணுயிர்கள் (பிளாங்டன்) கூண்டோடு அழிந்தன என்கிறது அது. பல காலம் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பாறைகளில் இவற்றின் புதைபடிவங்கள் திடீரென்று குறைந்துபோகின்றன, சில இடங்களில் காணவே காணோம். அதிலிருந்து உயிர்களும் போய்விட்டன என்ற முடிவுக்கு வருவது இயல்புதான்.

2022 மே மாதம் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சாம் ஸ்லேட்டரும் அவருடைய குழுவினரும் செய்தது. காக்கோலித்தோஃபோர் என்ற ஒற்றைச் செல் பாசியைப் பற்றியது. இது தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பாலான நுண்தகடுகளைப் போர்த்திக்கொள்ளும். ஒரு தகடு சில மைக்ரான்தான் இருக்கும். இங்கிலாந்தின் டோவர் கரையில் நிற்கும் வெள்ளைப் பாறைச் சுவர் பெரும்பாலும் இந்தத் தகடுகள் குவிந்து உண்டானதுதான்.

ஸ்லேட்டர் குழு முதலில் இந்தப் பாசியைத் தேடவே இல்லை. பாறையை அமிலத்தில் கரைத்து, அதில் மிஞ்சும் மகரந்தத்தூளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு எதுவும் மிஞ்சாது. ஆனால் மகரந்தத்தூளின் மேலே குழி குழியாக, காக்கோலித்தோஃபோர் தகடுகளின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. ஈர சிமென்ட்டில் நடந்துபோன நாயின் கால் தடம் போல! கடலடிச் சேற்றில் விழுந்த தகடுகள் மேலே படிந்த சேற்றின் கனத்தால் மகரந்தத்தில் அழுந்தியிருக்கின்றன. அப்புறம் சேற்றுக்குள் இருந்த அமிலத்தன்மை உள்ள நீர் தகடுகளைக் கரைத்துவிட்டது. இவற்றுக்குப் பேய்ப் படிவங்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு வேண்டுமென்றே தேடினார்கள். 18.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலச் சூடேற்றத்தின் பாறைகளில் தேடியபோது பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து எங்கும் கிடைத்தன. 12 கோடி, 9.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு கிரிட்டேசியக் கால (ஜுராசிக்கை அடுத்து வந்தது) சூடேற்றங்களுக்கும் ஸ்வீடன், இத்தாலிப் பாறைகள் சாட்சி சொல்லின. (அந்தக் கிரிட்டேசியக் கடல் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரை வந்திருந்தது. இன்றும் மழைக்குப் பின் அங்கே போனால் காலடியில் கடலுயிர்ப் படிவங்கள் கிடக்கும்.) ஆக, உயிர் இருந்திருக்கிறது, ஓடுதான் கரைந்திருக்கிறது. படிவம் கிடைக்கவில்லை என்பதை வைத்து உயிரே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

"சரி, அப்படியென்றால் கவலை இல்லையே" என்று சிலர் கிளம்பக்கூடும். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அதே ஆய்வாளர்கள் சொல்வதைக் கேளுங்கள்: பாசி செழித்ததே மற்ற உயிர்களுக்கு வினையாக முடிந்திருக்கலாம். மேலே பாசி பெருகினால் செத்த பாசி அதிகமாகக் கீழே இறங்கும், அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். இந்த மூன்று காலங்களிலும் கடலின் பெரும்பகுதியில் அடிநீர் மூச்சுமுட்டிக் கிடந்ததற்குக் கறுத்த களிமண் பாறைகளே ஆதாரம். ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் ஊரில், அந்த ஜுராசிக் காலக் கறுத்த பாறையில் கிடைக்கும் இக்தியோசார்கள் (மீன் வடிவக் கடல் ஊர்வன) தோலின் சுவடு கூடக் கலையாமல் இருப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? பிணத்தைத் தின்னக்கூட அடியில் ஜீவன் இல்லை.

கட்டுரை 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேலியோசீன்–ஈயோசீன் சூடேற்றத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. நமக்கு மிக நெருங்கிய உதாரணம் அது. உலகச் சராசரி வெப்பம் 5 முதல் 6 டிகிரி வரை ஏறியது. 2003இல் தென் அட்லாண்டிக்கின் கடலடியில் உள்ள வால்விஸ் மேட்டில் துளையிட்டபோது, வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு சட்டென்று முடிந்து சிவந்த களிமண் வந்தது. ஆழ்கடல் நீர் சுண்ணாம்பைக் கரைக்கும் அளவுக்கு அமிலமாகிவிட்டதன் அடையாளம் அந்தக் களிமண். அங்கும் மேல்மட்டத்து மிதவைகள் பெரும்பாலும் தப்பித்தன. வெப்பக்கடல் இனங்கள் துருவம் நோக்கி நகர்ந்தன. அபெக்டோடினியம் என்ற வெப்பக்கடல் மிதவை ஆர்க்டிக் பெருங்கடல் வரை போய்ப் பெருகியிருந்தது 2004இல் அங்கே எடுத்த மண்ணில் தெரிந்தது. ஆனால் கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்ற ஓடுள்ள ஒற்றைச் செல் உயிர்களின் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அழிந்தன. மேலே இருந்தவை இடம் மாறின, கீழே இருந்தவற்றுக்குப் போக இடமில்லை. இதை விட்டுவிட்டு "பிளாங்டன் பிழைத்தது" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். அந்தச் சூடேற்றத்தின் தொடக்கத்தில், குறைந்தது 4,000 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் கார்பன் காற்றில் கலந்திருக்கும் என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இன்று நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் விடுகிறோம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்த பாசி ஊர் மாறிக்கொண்டது என்பதை, சில தலைமுறைக்குள் மாறச் சொல்லும் இன்றைய கடலுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு போட்ட அழகான படம் டயட்டம் என்ற வேறொரு ஒற்றைச் செல் பாசியுடையது. அதன் ஓடு சிலிக்கா, கண்ணாடி வகை. கட்டுரை பேசுவதோ சுண்ணாம்பு ஓட்டைப் பற்றி. அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் காக்கோலித்தோஃபோர் படம் ஒன்றைப் போட்டு, கடலடி உயிர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கக் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பெரம்பலூர்.