வாயில் கொழுக்கட்டை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லாத பிள்ளைகளைக் கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எல்லாப் பிள்ளையும் அப்படியில்லை, ஐயா.

என் பேத்திக்கு ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாது, கோழிகளைக்கூடப் பெயர் சொல்லித் திட்டுவாள். பாலர் பள்ளியில் ஒரு வருடம் ஒரு சொல் பேசவில்லை. அங்கேயும் தமிழ்தான். கழிவறைக்குப் போகக் கேட்க முடியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வருவாள். "வாயில் கொழுக்கட்டையா?" என்றார் ஆசிரியை. தீபாவளிக்கு வந்தவர்கள், "தாத்தான்னு கூப்பிடு, அங்பாவ் தரேன்" என்று பண உறையைக் காட்டினார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? கயிறு மந்திரித்துக் கட்டினேன். அடம் என்று நினைத்து ஒருநாள் அடித்தும்விட்டேன்.

ஈப்போவில் மருத்துவர் காது, பேச்சு எல்லாம் பார்த்துவிட்டு, இது செலக்டிவ் மியூட்டிசம், வீட்டில் பேசும் பிள்ளைக்குச் சில இடங்களில் பேச்சே வராமல் போவது, அடம் இல்லை, பயம் என்றார். 1934இல் இதற்கு வைத்த பெயரே, பிள்ளை தானாக விரும்பிப் பேசாமலிருக்கிறது என்கிற பொருளில்தானாம். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. படித்தவர்களுக்கே அவ்வளவு காலம்!

வைத்தியம் பாம்பு ஏணிப் பலகையில் தொடங்கியது. முதலாம் ஆண்டில், பள்ளி மணி அடிக்க அரைமணி முன்பு, காலி வகுப்பில் நானும் அவளும் சத்தமாக எண்ணி விளையாடுவோம். புது ஆசிரியை முதல் வாரம் நடைபாதையில் நின்றார். அப்புறம் வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டி நோட்டுகளை அடுக்கினார். ஒருநாள் அவசரப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், பேத்தியின் குரல் அடங்கிவிட்டது. சரி என்று மறுநாள் மறுபடி வாசலுக்கே போனார். கேள்வி கேட்கமாட்டார், முகத்தையே பார்க்கமாட்டார். ஏழாவது வாரம் அவரும் பகடை உருட்டினார். காய் பாம்பின் தலையில் விழுந்தது. "பாம்பு!" என்று கத்திவிட்டாள். ஆசிரியை ஆகா ஓகோ என்று கொண்டாடவில்லை, "ஆமாம், கீழே இறங்கிட்டேன்" என்றார், அவ்வளவுதான். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் இருவரையும் விளையாட விட்டு நான் எழுந்து நடைபாதைக்குப் போக இன்னும் மூன்று வாரம் ஆனது.

பள்ளி திறந்த முதல் மாதம் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு, அது சகஜம். அதைத் தாண்டியும் பேசாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலையில் அந்த வகுப்பறைச் சாவியைக் கொடுங்கள். எனக்கு அதற்கே மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பேத்தி சபைகூடலில் இன்னும் பேசுவதில்லை. கேன்டீன் அக்காவிடம் மட்டும் "மீ கோரேங்" என்று கிசுகிசுக்கிறாள்.

ஒரு பாட்டி,
சுங்கை சிப்புட், பேராக்